வெள்ளவத்தையில் ரனவேஸ்: ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்ட பதிவு

'த ரனவேஸ்' என்ற பெண்கள் ரொக் குழுவைப் பற்றிய 'எட்ஜ்ப்ளே' ஆவணப்படத்துக்கு நான் போட்ட தமிழ் சப்டைட்டில் கடைசியில் ஓர் எழுத்தும் உடையாமல் ஓடி முடிந்தது. இடம், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை. அங்கே ஒரு வீட்டின் பழைய கராஜைப் பயிற்சி அறையாக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கே கிட்டாரும் டிரம்ஸும் பழகும் இளம்பெண்கள், எல்லோரும் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். மீதிப் பேர் அவர்களுடைய அம்மாமார். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பிரச்சினையில்லை. சப்டைட்டில் அம்மாமாருக்காக. மகள் ஏன் இரவு எட்டு மணி வரை டிரம்ஸ் அடிக்கிறாள் என்று கேட்கிறவர்களுக்கும், இந்தத் துறைக்குப் போனால் பெண்பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கும் காட்ட இதைவிட நேரடியான படம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு என்பதையும் அது மறைக்காது.

படம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். த ரனவேஸ் 1975இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய குழு. டிரம்ஸில் சாண்டி வெஸ்ட், கிட்டாரில் ஜோன் ஜெட்டும் லீட்டா ஃபோர்டும், பேஸ் கிட்டாரில் ஜாக்கி ஃபொக்ஸ், பாட்டுக்குச் செரி கரி. சேரும்போது எல்லோருக்கும் பதினைந்திலிருந்து பதினேழு வயதுக்குள். ஆளாக்கிவிட்டவரும் ஆட்டிவைத்தவரும் கிம் ஃபௌலி என்ற தயாரிப்பாளர். 1976இல் முதல் ஆல்பம் வந்தது. 1977இல் ஜப்பானில் பெரும் வரவேற்பு. அதே பயணத்தில் ஜாக்கி விலகினார், அந்த வருடமே செரியும் போய்விட்டார். 1979இல் குழு முடிந்தது. ஜாக்கிக்குப் பிறகு பேஸ் வாசித்த விக்கி புளூதான், விக்டரி டிஷ்லர் புளூ என்ற பெயரில் 2004இல் இந்தப் படத்தை எடுத்தார். அதனால் கேள்வி கேட்பவரும் உள்ளே இருந்தவர், பதில் சொல்கிறவர்களும் உள்ளே இருந்தவர்கள். வயது நாற்பதைத் தாண்டிய பெண்கள், பதினாறு வயதில் தங்களுக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். ஜோன் ஜெட் மட்டும் பேட்டி கொடுக்கவில்லை. குழுவின் சொந்தப் பாட்டுகளும் படத்தில் அநேகமாக இல்லை. இந்தக் குறை என் வேலைத் திட்டத்தையே மாற்றியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டொரொண்டோவிலிருந்து மச்சாள் கொண்டுவந்த டிவிடிதான் மூலம். வீட்டிலிருந்த பிளேயர் அதை ஏற்கவில்லை. டிவிடிகளை எந்த நாட்டில் ஓடலாம் என்று வலயமாகப் பிரித்திருக்கிறார்கள்: வட அமெரிக்கா 1ஆம் வலயம், எங்கள் பக்கம் 5ஆம் வலயம். இப்போதைய லப்டொப்களில் வட்டு போடும் இடமும் இல்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் வட்டு நேராக ஓடியது.

பேச்சை ஆங்கிலத்தில் எழுத்தாக்க விஸ்பர் மென்பொருளைப் பயன்படுத்தினேன். தனியாக உட்கார்ந்து பேசும் பேட்டிகளில் அது நன்றாகவே பிடிக்கிறது. பின்னால் கிட்டார் ஓடும் இடங்களில் தடுமாறுகிறது. பேச்சே இல்லாத இடங்களில் தானாக வசனம் உண்டாக்குகிறது. மேடைக் காட்சி ஒன்றுக்கு 'பார்த்ததற்கு நன்றி' என்று எழுதிவைத்திருந்தது. ஃபௌலி என்ற பெயர் ஒவ்வொரு தடவையும் வேறொரு சொல்லாக வந்தது. ஆகவே அது தந்த பிரதியை அப்படியே நம்பாமல், படத்தோடு ஒட்டிக் கேட்டுத் திருத்தினேன். முழு வேலையிலும் அதிக நேரம் எடுத்தது இதுதான். குறுக்குவழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழாக்கத்தில் பாதியைத் தோழி ஒருவர் செய்து தந்தார். அச்சகத்தில் வேலை செய்து பழகிய கை, யூனிக்கோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில்தான் வேகமாக ஓடும். கோப்பு வந்தபோது திரையில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்கிற எல்லோருக்கும் பழக்கமான காட்சி. யூனிக்கோடுக்கு மாற்றும் கருவியில் முழுக் கோப்பையும் போட்டதும் தமிழ் அழகாக வந்துவிட்டது, ஆனால் சப்டைட்டில் ஒன்றும் ஓடவில்லை. தேடிப் பார்த்தால் நேரக் குறியீடு கெட்டிருந்தது. பாமினியில் காற்புள்ளிச் சாவி 'இ' என்ற எழுத்து. எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பில் விநாடிக்கும் மில்லி விநாடிக்கும் நடுவே இருப்பது காற்புள்ளி. ஆகவே எல்லா வரியிலும் 02இ500 என்பதுபோல நேரத்துக்கு நடுவே ஓர் இ வந்து உட்கார்ந்திருந்தது. எக்செலில் நேரத்தை ஒரு பத்தியாகவும் வசனத்தை இன்னொரு பத்தியாகவும் பிரித்து, வசனத்தை மட்டும் மாற்றி மறுபடி ஒட்டியதும் சரியாகிவிட்டது. சேமிக்கும்போது குறியாக்கத்தை (என்கோடிங்) யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

அடுத்தது நேரம். முதல் பத்து நிமிடம் வரிகள் பேச்சோடு ஒட்டி வந்தன. போகப் போக வரி முந்தத் தொடங்கியது. படத்தின் கடைசியில் ஆறு விநாடிக்கு மேல் முந்தியது. சாண்டி வாயைத் திறக்குமுன்பே அவர் சொல்லப்போவது கீழே வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட படத்தில் அது பெரிய குற்றம். காரணம் இதுதான்: அமெரிக்க டிவிடியில் விநாடிக்கு 29.97 சட்டகம் (ஃப்ரேம்). நாங்கள் நேரம் குறித்துக்கொண்ட எடிட்டிங் மென்பொருளின் கடிகாரம் 30 சட்டகத்தை ஒரு விநாடி என்று எண்ணுகிறது. மணிக்கு 3.6 விநாடி வித்தியாசம். 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருளில் வேகத்தை மாற்றும் இடத்தில் 100.1 சதவீதம் என்று கொடுத்ததும் முழுக் கோப்பும் சீரானது. ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வித்தியாசம் தொடக்கத்திலிருந்து ஒரே அளவாக இருந்தால் மொத்தமாக நகர்த்த வேண்டும், வளர்ந்துகொண்டே போனால் வேகத்தை மாற்ற வேண்டும். இதை அறிய முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பார்த்தாலே போதும்.

வரியின் நீளத்துக்கு மென்பொருளின் கணக்கை வைத்துக்கொள்ள முடியவில்லை. 'க்' அதற்கு இரண்டு எழுத்து, 'ஸ்ரீ' நான்கு. நல்ல வரிகளையெல்லாம் சிவப்பாகக் காட்டி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை மாமிக்குப் போட்டுக் காட்டினேன். மாமி ஒவ்வொரு நாளும் பேப்பர் வாசிக்கிறவர், வாசிப்பு வேகம் நடுத்தரம். "பிள்ளை, வாசிக்கிறதுக்கிடையில ஓடிப்போகுது. அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பார்க்க நேரமில்லை" என்றார். எனக்கு அந்த இரண்டாவது வசனம்தான் முக்கியமாகப் பட்டது. வாசித்து முடித்த பிறகும் முகத்தைப் பார்க்க ஒரு விநாடி மிஞ்ச வேண்டும். அதிலிருந்து விநாடிக்கு 11 அல்லது 12 எழுத்து, அதாவது நாம் எண்ணும் எழுத்து, என்று வைத்துக்கொண்டேன். ஒரு வரிக்கு 30 எழுத்துக்கு மேல் இல்லை. ஒரு தடவைக்கு இரண்டு வரி. எதுவானாலும் ஒன்றரை விநாடிக்குக் குறையாது, ஆறு விநாடிக்கு மேல் நிற்காது. இந்த அளவுக்குள் அடங்காத இடங்களில் 'ம்', 'அதாவது', 'உங்களுக்குத் தெரியும்தானே' மாதிரியானவற்றை வெட்டினேன். யார், எங்கே, எப்போது என்பவற்றில் கைவைக்கவில்லை. கெட்ட வார்த்தைகளையும் மழுப்பவில்லை. அம்மாமார் தாங்குவார்களா என்று தோழி கேட்டார். மழுப்பினால் ஃபௌலி பண்பான மனிதராகிவிடுவார், அது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

பேசுகிறவர் அழுது நிற்கும் இடங்களில், பேச்சு நின்றதும் வரியை எடுத்துவிட்டேன். நேரம் மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த வசனத்தை முன்கூட்டிக் கொண்டுவரவில்லை.

இந்த வேலையின் மையம் பெயர்கள் என்பது பாதியில்தான் தெரிந்தது. படம் ஒருவரின் முகத்திலிருந்து இன்னொருவருக்குச் சட்டென்று தாவுகிறது. ஒரே சம்பவத்தை இருவர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். யார் எதைச் சொன்னார் என்பதுதான் இங்கே விஷயமே. குழுவை முன்பே தெரிந்தவர்களுக்குச் சிரமமில்லை. மாமிக்கு எல்லோரும் பொன்னிறத் தலைமுடிப் பெண்கள். முதலில் ஆளுக்கொரு நிறம் கொடுத்துப் பார்த்தேன்: செரிக்கு மஞ்சள், லீட்டாவுக்குப் பச்சை, சாண்டிக்கு நீலம், ஜாக்கிக்கு வெள்ளை. லப்டொப்பில் தெளிவாக இருந்தது. துணித் திரையில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டன, நீலம் தெரியவே இல்லை. நிறத்தை விட்டுவிட்டுப் பெயரைப் போட்டேன். ஆள் மாறும்போதெல்லாம் வரியின் தொடக்கத்தில் 'செரி:' 'லீட்டா:' என்று பெயர். எழுத்து கொஞ்சம் கூடும், அதற்கேற்ப வசனத்தைச் சுருக்க வேண்டும். பழைய காட்சிகளில் மேடையில் நிற்பவர் யார் என்பதற்கும் திரையின் மேலே சின்னதாகப் பெயர் போட்டேன். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு மாமி கேள்வி கேட்காமல் பார்த்தார். இதே மாதிரிப் பேட்டிப் படம் எதற்காவது வரி போடுகிறவர்கள், நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதையும் விடுங்கள், பெயரை விடாதீர்கள்.

காட்டுவதற்கான வழியைத் தேடியது இன்னொரு கட்டம். படத்தையும் எஸ்ஆர்டி கோப்பையும் பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினோம். எழுத்து வந்தது, ஆனால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. 'பெண்' வாசிக்க முடியாமல் போயிற்று. டிவிக்குள் தமிழ் எழுத்துரு இருந்தாலும், எழுத்துகளைச் சேர்த்து ஒழுங்காக அடுக்கும் பகுதி இல்லாவிட்டால் இப்படித்தான் வரும். விஎல்சியில் என் லப்டொப்பில் சரியாக வந்தது, பயிற்சி அறையிலிருந்த பழைய கணினியில் பெட்டி பெட்டியாக வந்தது. ஓடுகிற கருவியை நம்பியிருக்கும் வரை இது தீராது என்று தெரிந்தது. வரிகளைப் படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதித்துவிட முடிவு செய்தேன்.

அதற்கு எஃப்எஃப்எம்பெக். கட்டளை எழுதும் மென்பொருள் என்று பயப்பட வேண்டாம், ஒரே வரிதான். ஆனால் சில இடங்களில் இடறும். விண்டோஸில் கோப்பின் முழு முகவரியைக் கொடுத்தால் டிரைவ் எழுத்துக்குப் பின்னால் வரும் முக்காற்புள்ளியில் கட்டளை முறிந்துவிடும். படம், வரிக் கோப்பு, எழுத்துருக் கோப்பு மூன்றையும் ஒரே போல்டரில் போட்டு, அந்தப் போல்டருக்குள்ளிருந்தே ஓடவிடுங்கள். கோப்புப் பெயர்களில் இடைவெளி வேண்டாம். எழுத்தளவு 40 என்று கொடுத்தபோது பாதித் திரையை மூடிவிட்டது. படத்தின் உயரம் 480 என்றாலும், எஸ்ஆர்டியை எடுக்கும்போது அது தன் கணக்கில் உயரத்தை 288 என்றே வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் 20 எனக்குப் போதுமாக இருந்தது.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். மெல்லிய வடிவம் துணியில் காணாமல் போகிறது, அரைத் தடிப்பு வேண்டும். சுற்றுக்கோட்டை அதிகம் தடிப்பாக்கினால் ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் அடைந்துவிடும். 1.5 அளவில் நிறுத்தினேன். பழைய மேடைக் காட்சிகளில் அசைவு வரும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தன. அவற்றை நீக்கும் வடிகட்டியை முதலில் வைத்து, வரிகளை அதற்குப் பிறகு பதிக்க வேண்டும். மாற்றி வைத்தால் எழுத்தின் ஓரமும் கலங்கும். படத் தரத்துக்கான எண்ணை (குறைந்தால் தரம் கூடும்) 18 என்று கொடுத்தேன். என் சாதாரண லப்டொப்பில் முக்கால் மணி நேரம் ஓடி முடிந்தது. அதே கோப்பு அந்த டிவியிலும், பழைய கணினியிலும், மச்சானின் போனிலும் ஒரே மாதிரி வந்தபோது வந்த நிம்மதி பெரிது.

புரொஜெக்டர் ஒருநாள் வாடகை 5,000 ரூபாய். திரைக்கு வீட்டிலிருந்த இரட்டைக் கட்டில் விரிப்பு, இஸ்திரி போட்டு இழுத்துக் கட்டியது. ஏழடி அகலம், நான்கடி உயரத்தில் படம் விழுந்தது. ஒத்திகையில் விரிப்பின் அடி தரையிலிருந்து மூன்றடியில் இருந்தது. பிளாஸ்டிக் கதிரையில் ஆட்கள் இருந்ததும் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைத்தன. நாலரை அடிக்கு உயர்த்திக் கட்டியதும் சரி. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, 900 ரூபாய்.

ஒலியில் ஒரு வினோதம் நடந்தது. லப்டொப்பிலிருந்து பயிற்சி அறை மிக்ஸருக்கு, இரண்டு முனையும் ஸ்டீரியோவான கேபிளைச் செருகினோம். பின்னணி இசை கேட்கிறது, பேச்சு இல்லை. ஆள் வாயசைக்கிறார், சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது. ஸ்பீக்கர் பழுது என்று அதைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். உண்மையில், மைக்குக்கென்று அமைந்த அந்த வகைத் துளை இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழிக்கும். இரண்டிலும் சமமாக இருப்பது பேச்சு, ஆகவே அது கழிந்துபோகிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், ஒரு பக்கம் சின்ன ஸ்டீரியோ முனையும் மறுபக்கம் இரண்டு பெரிய தனி முனையும் உள்ள கேபிள் 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டு முனையையும் இரண்டு சானலில் செருகியதும் செரியின் குரல் அறை நிறைய வந்தது. சார்ஜரைச் செருகியிருந்தால் ஓர் இரைச்சல், கழற்றினால் இல்லை. ஆகவே முழுப் படமும் பேட்டரியில் ஓடியது. இன்னொன்று, அறையில் டிரம்ஸ் இருந்தால் ஸ்னேர் டிரம்மின் அடியிலுள்ள கம்பி வலையைத் தளர்த்திவிடுங்கள். படத்தில் பேஸ் கிட்டார் வரும்போதெல்லாம் அது கூடவே அதிரும். கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது மட்டும் செய்வதற்கொன்றுமில்லை. அந்த நேரங்களில் பிள்ளைகளும் சப்டைட்டிலைத்தான் வாசித்தார்கள்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ரொக் குழு எழுந்து விழுந்த கதையை, அதன் பாட்டைக் கேட்காமலே பார்ப்பது அந்தப் பெண்களுக்கு நியாயமில்லை என்று நினைத்தேன். பாட்டில்லாமல் பார்த்தால் துயரம் மட்டும் மிஞ்சும், அவர்கள் எவ்வளவு நன்றாக வாசித்தார்கள் என்பது தெரியாமல் போகும். ஆகவே ஜப்பான் பகுதிக்கு முன்னால் படத்தை நிறுத்தி, கால் மணி நேரம் அவர்களுடைய இசைத்தட்டுப் பாட்டுகளைப் போட்டோம். முதலில் 'செரி பொம்', செரி குழுவில் சேர வந்த அன்றே அவருக்காக ஜெட்டும் ஃபௌலியும் எழுதியது. அப்புறம் 'குவீன்ஸ் ஒஃப் நொய்ஸ்'. அப்புறம் 1977 ஜப்பான் நேரடிப் பதிவிலிருந்து ஒன்று. டிரம்ஸ் பழகும் பிள்ளை தன் குச்சிகளை எடுத்துத் தொடையில் தட்டிக்கொண்டு சாண்டியைப் பின்பற்றினாள். அவளுடைய அம்மா திரையை விட்டு மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படம் தொடர்ந்தபோது, குழு உடையும் பகுதி எல்லோருக்கும் உறைத்தது. இழக்கப்பட்டது என்ன என்று காதால் கேட்டிருந்தார்கள்.

படம் முடிந்ததும் ஓர் அம்மா கேட்டார்: "அந்தப் பிள்ளையளின்ர தாய்மார் எங்க இருந்தவை?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு முன்பே எல்லோர் கையிலும் ஒரு பக்கத் தாள் கொடுத்திருந்தேன், படத்துக்குப் பிறகு நடந்தவற்றைத் தமிழில் அச்சிட்டது. ஜோன் ஜெட் 1982இல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தார். சாண்டி வெஸ்ட் 2006இல் நுரையீரல் புற்றுநோயால் 47 வயதில் இறந்தார். ஃபௌலி 2015 ஜனவரியில் இறந்தார். தனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது ஃபௌலி தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக அதே ஆண்டு ஜாக்கி ஃபொக்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். இந்தக் கடைசிச் செய்தியைத் தாளில் போடுவதா என்று நிறைய யோசித்தேன். போட்டது சரி. பிள்ளைகளும் அம்மாமாரும் அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வெளியூர் நிகழ்ச்சிக்கு யார் கூடப் போவது, பணக் கணக்கை யார் வைத்திருப்பது, ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்ற அளவுக்குப் பேச்சு போனது.

மொத்தச் செலவு 13,800 ரூபாய். டிரைவும் கேபிளும் கையில் இருக்கின்றன, ஆகவே அடுத்த தடவை புரொஜெக்டர் வாடகை மட்டும்தான்.

சில விஷயங்களை மாற்றுவேன். மொழிபெயர்க்கிறவர் எந்தத் தட்டச்சில் பழகியிருந்தாலும், வசனத்தை மட்டும் எண் போட்டுத் தரச் சொல்வேன், நேரக் குறியீட்டைத் தொட விடமாட்டேன். பெயர்களை முதல் நாளிலிருந்தே போடுவேன். பாட்டு இடைவேளையில் பாட்டின் வரிகளையும் தமிழில் திரையில் காட்ட வேண்டும், இந்தத் தடவை அம்மாமாருக்குத் தாளம் மட்டும்தான் கிடைத்தது. அந்த ஒரு பக்கத் தாளின் எழுத்தும் சின்னது, 14 புள்ளியாவது வேண்டும். கொட்டாஞ்சேனையில் இன்னொரு வீட்டிலும் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். அங்கே அறை நீளம், கடைசி வரிசை இருபதடிக்கு அப்பால் போகும். எழுத்தளவை 23 ஆக்கி, வரிக்கு 26 எழுத்தாகக் குறைத்து இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.